கூரைக்கும் ஒரு புள்ளிவரி: எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளின் பங்காளிகளுக்குத் திறந்த மடல்

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் பங்கு வைத்திருக்கும் செட்டியார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் பணிவான வணக்கம்.

என் பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியாது. ஓடு மாற்றும் கொத்தனாரின் மகன் என்று சொன்னால் மூத்தவர்களுக்கு நினைவு வரும். ஆண்டுதோறும் ஆடி பிறந்ததும் மூங்கில் ஏணியையும் வடக்கயிற்றையும் எடுத்துக்கொண்டு என் அப்பா உங்கள் வீட்டுக் கூரைகளில் ஏறுவார். பெரியவர்கள் மிதித்தால் உடையக்கூடிய இடங்களில் சிறுவனின் எடையை ஓடு தாங்கும் என்பதனால், எட்டு வயதிலிருந்து என்னையும் ஏற்றிவிட்டார். பிறகு படித்து, ஆசிரியராகி, வெளியூர்ப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் ஊருக்கே திரும்பிவிட்டேன். உங்கள் வீடுகளை நீங்கள் முகப்பு வழியாக உள்ளே வந்து அறிந்தீர்கள். நான் முகட்டிலிருந்து கீழே பார்த்து அறிந்தேன். உங்கள் கோயில்களுக்கு மணமான இணை தோறும் நீங்கள் செலுத்தும் புள்ளிவரியைப் போல, வீட்டுக் கூரைக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்க, அந்தப் பழக்கத்தின் உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற மாசி மாதம் மூன்றாம் தெருவில் ஒரு வீட்டைப் பிரித்தார்கள். ஒரு தெருவில் முகப்பு தொடங்கி, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நீண்டு, அடுத்த தெருவில் கொல்லைக்கதவோடு முடியும் வீடு அது. பதினெட்டு நாள் வேலை நடந்தது. முதலில் ஓடு இறங்கியது; அடுத்து அதைத் தாங்கிய கைமரங்கள்; பிறகு பட்டாலை என்னும் கூடத்தின் பர்மாத் தேக்குத் தூண்கள், நிலைக்கதவு, சன்னல் கம்பிகள், கடைசியாகத் தரையில் பதித்திருந்த ஆத்தங்குடிக் கற்கள். எல்லாம் எண்ணி, எழுதி, லாரியில் ஏறின. சுவர்தான் அவர்களுக்குச் சிரமம் கொடுத்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பும் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துக் கட்டிய சுவர் செங்கல் செங்கலாக உதிராமல் பாறை போலப் பெயர்ந்து விழுந்ததை, எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் லாரியில் ஏற்றிய கைமரங்களில் ஒன்றின் பக்கவாட்டில் என் அப்பாவின் கையெழுத்தைக் கண்டேன். தச்சர் பென்சிலால் எழுதியது: ‘1971 ஆவணி. ஓடு 1,350. வடமேல் மூலைத் தூம்பு அடைப்பு எடுத்தது.’ அதன் கீழே 1972, அதன் கீழே 1973 என்று ஆண்டுக்கு ஒரு வரியாக இறங்கிப் போயிருந்தது. ஓட்டுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், அடுத்த ஆண்டு தான் மறக்காமல் இருப்பதற்காக அவர் எழுதி வைத்த கணக்கு அது. அந்த ஒரு மரத்தை மட்டும் விலைக்குக் கேட்டேன். மொத்தமாகக் கன அடி கணக்கில் பேசி முடித்தாயிற்று, பிரித்துக் கொடுக்க இயலாது என்றார்கள். வரிகளைப் பார்த்து என் நோட்டில் எழுதிக்கொண்டேன், லாரி புறப்பட்டுவிட்டது.

அந்த வீட்டை விற்ற பங்காளிகளை நான் குறை கூறவில்லை. அவர்களில் இருவரை எனக்கு நேரில் தெரியும். விற்பதற்கு முன் பல ஆண்டுகள் மனம் வருந்தியவர்கள். ஒரு பாட்டையா கட்டிய வீட்டுக்கு நான்காம் தலைமுறையில் முப்பது நாற்பது பங்காளிகள் இருக்கும்போது, பழுது பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னால் யார் எவ்வளவு போடுவது என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. விற்கலாம் என்று ஒருவர் சொன்னால் பேச்சு நடந்து முடிந்துவிடுகிறது, ஏனென்றால் அதில் யாரும் கையிலிருந்து எதையும் எடுத்து வைக்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டுக் கோளாறுதான் நம் ஊர் வீடுகளைத் தின்றுகொண்டிருக்கிறது. கறையானும் மழையும் அதற்கு அடுத்தபடியாகத்தான் வருகின்றன.

நான் சொல்ல வந்ததை நீங்கள் முழுமையாக உணர வேண்டுமானால், மேலேயிருந்து நம் ஊர் எப்படித் தெரிந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1966, 1967-ஆம் ஆண்டுகளில் நான் கண்ட காட்சி அது. முகட்டில் குதிரை ஏறுவது போல இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் கண்ணுக்கு எட்டும் தொலைவு வரை சிவந்த ஓட்டுச் சரிவுகள்தாம். நடுநடுவே சதுரம் சதுரமாக முற்றங்கள். கிழக்கே கோயில் கோபுரம். அதற்கு அப்பால் செம்மண் நீரோடு ஊரணி. வடக்கே செட்டிநாடு ரயில் நிலையத்திலிருந்து புறப்படும் வண்டியின் புகை. தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு வீடும் தனித்தனிக் கோட்டையாகத் தோன்றும். மேலே ஏறினால் அந்த எண்ணம் போய்விடும். ஒரு வீட்டின் சரிவு முடியும் இடத்தில் அடுத்த வீட்டின் கைப்பிடிச் சுவர், அதற்கு அடுத்து இன்னொரு சரிவு என்று ஊரே ஒரே கூரையாகக் கிடந்தது. அந்தக் கூரை முழுவதும் ஒரே ஒரு வேலையைச் செய்தது: பெய்த மழையை வீணாக்காமல் கீழே இறக்கியது.

நாட்டு ஓட்டைக் கவிழ்த்தும் மல்லாத்தியும் அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். வெயில் காலத்தில் அந்த அடுக்குகளின் இடையில் நிற்கும் காற்றுதான் வளவில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்குக் குளிர்ச்சி தந்தது. குரங்கும் அணிலும் ஓடி நகர்த்தியவற்றையும், வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டவற்றையும், விரிசல் கண்டவற்றையும் அப்பா ஒவ்வொன்றாக எடுத்து விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார். கணீரென்று ஒலித்தால் திரும்பவும் கூரைக்கு, மந்தமாக ஒலித்தால் கூடைக்கு. கூடையைக் கயிற்றில் இறக்குவது என் வேலை. ஐப்பசியில் மழை இறங்குவதற்குள், அதாவது புரட்டாசிக்குள், ஊர் முழுவதும் மாற்றி முடித்துவிட வேண்டும். அப்படி முடிப்பதற்கு அன்று எங்கள் ஊரில் ஏழு கொத்தனார்கள் இருந்தார்கள். இன்று அந்த வேலை தெரிந்தவர்கள் என்று தேடினால் பக்கத்து ஊர்களையும் சேர்த்து இரண்டு பேரைச் சொல்ல முடிகிறது. இருவருமே அறுபதைக் கடந்தவர்கள்.

ஐப்பசியின் முதல் பெருமழை வந்ததும் நாங்கள் சிறுவர்கள் முகப்புத் திண்ணையில் கூடிவிடுவோம். கூரையின் நான்கு சரிவுகளும் சேரும் மூலைத் தூம்புகளிலிருந்து தண்ணீர் முற்றத்தில் அருவியாக விழும். முதல் மழையின் நீரை ஆச்சி பிடிக்க விடமாட்டார். கூரை கழுவிக்கொள்ளட்டும் என்பார். இரண்டாம் மழைக்குக் கிடாரங்களையும் அண்டாக்களையும் தூம்புக்கு அடியில் நிறுத்தி, வாயில் வெள்ளைத் துணியைக் கட்டிவிடுவார். அந்தத் தண்ணீரில் வேகவைத்த பருப்பின் ருசியை ஆச்சி வீட்டில் சாப்பிட்டவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிடாரங்கள் நிறைந்தபின் மிச்ச நீர் முற்றத்துக் கல்தளத்தின் மூலைத் துளை வழியாக இறங்கி, வீட்டுக்கு அடியில் மூடுகால்வாயாக ஓடித் தெரு வாய்க்காலில் விழும். அதன் பிறகுதான் எங்கள் ஓட்டம் தொடங்கும். தெரு வாய்க்காலோடு கூடவே ஓடி, சந்து திரும்பி, பெரிய வாய்க்காலில் அது கலப்பதைப் பார்த்து, அங்கிருந்து ஊரணியின் மடை வரை போய், செந்நிற நீர் சுழித்துக்கொண்டு படிக்கட்டுகளைத் தொடுவதைப் பார்த்த பிறகுதான் வீடு திரும்புவோம். எந்த வீட்டுத் தண்ணீர் முதலில் ஊரணியைச் சேரும் என்று பந்தயம் கட்டுவோம். மேட்டுத் தெரு வீடுகள் எப்போதும் தோற்றுவிடும்.

செம்மண்ணும் சரளையும் நிறைந்த, வற்றாத ஆறு எதுவும் ஓடாத பூமியில், இத்தனை பெரிய ஊர்களை எப்படி அமைத்தார்கள் என்று வெளியூர் நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. நூல் பிடித்தது போன்ற நேர்த் தெருக்களையும் உயர்ந்த மேடைகளையும் அவர்கள் வியப்பார்கள். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதனால்தான் இங்கே வந்தும் வீட்டை மேடையில் ஏற்றிக் கட்டினார்கள் என்று நகரத்தார் எனப்படும் உங்கள் சமூகத்தின் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த விடை கண் முன்னால் ஓடிய தண்ணீர்தான். கூரை, முற்றம், மூடுகால்வாய், தெரு, ஊரணி என்ற ஐந்தும் ஒரே கருவியின் உறுப்புகள். உங்கள் பாட்டையாமார்கள் தம் வீட்டைக் கட்டும்போதே ஊருக்குத் தண்ணீரையும் சேர்த்தே கட்டினார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஊரணியின் எல்லாப் படித்துறைகளும் எல்லோருக்கும் திறந்திருந்த காலம் அல்ல அது. எங்கள் தெருப் பெண்கள் இறங்கிய துறை வேறு. ஊருக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்தத் துறையும் இல்லை, அவர்கள் வேறு குட்டைக்குப் போனார்கள். வீடுகள் எழுந்த பணத்தின் கதையும் எளிமையானதன்று. 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு நிலம் செட்டியார் நிறுவனங்களின் கைக்கு வந்திருந்தது. உலகப் பொருளாதாரம் சரிந்தபோது கடனை அடைக்க இயலாத உழவர்கள் விட்டுக்கொடுத்த நிலம் அது. பிறகு 1942-இல் சப்பானியப் படை வந்ததும், 1960-களில் பர்மிய அரசு எல்லாவற்றையும் நாட்டுடைமை ஆக்கியதும், நம் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த பணத்தின் ஊற்றுக்கண்ணை அடைத்தன. பெட்டகசாலைகள் பூட்டப்பட்டன, குடும்பங்கள் பட்டணங்களுக்குப் போயின. பழைய காலம் எல்லா வகையிலும் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலம் விட்டுச் சென்றவற்றுள் இன்று எல்லோருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடியது அந்தத் தண்ணீர் வழி. அதையே நாம் இழந்துகொண்டிருக்கிறோம் என்கிறேன். இன்று ஊரணியில் யாரும் எந்தப் படியிலும் இறங்கலாம். இறங்கத் தண்ணீர்தான் இல்லை.

ஏன் இல்லை என்பதைக் கடந்த ஆறு ஆண்டுகளாகத் தெருத் தெருவாக நடந்து பார்த்து வைத்திருக்கிறேன். சாலை போடும்போது பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தளத்தை இடுகிறார்கள். இப்படி மூன்று நான்கு முறை போட்டதில் தெரு மட்டம் ஏறி, மூடுகால்வாய்கள் வெளியே திறக்கும் வாய் தரைக்குக் கீழே போய்விட்டது. முதல் தெருவில் மட்டும் ஒன்பது வீடுகளின் வாய் சிமெண்டுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. வெளியேற வழியில்லாத மழைநீர் முற்றத்திலேயே தேங்குகிறது. சுண்ணாம்புச் சுவர் அதை உறிஞ்சிக்கொள்கிறது. தூண்களின் கல்பீடம் வரை ஈரம் ஏறுகிறது. ஈரம் கண்ட சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு பூசிவிட்டால் சரியாகும் என்று எண்ணிப் பூசுகிறார்கள். சுண்ணாம்பு மூச்சு விடும், சிமெண்டு விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் செங்கல்லை அரித்து, மூன்று நான்கு மழைக்குள் பூச்சோடு சேர்த்துப் பெயர்த்துவிடும். பிறகு வீடு ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று ஒருவர் எழுதித் தருகிறார். பிரித்து விற்கும் பேச்சு தொடங்குகிறது. மேற்கே ஊரணிக்குக் காட்டுநீர் கொண்டுவந்த வரத்துக்கால் தைலமரத் தோப்புக்குள் தூர்ந்து கிடக்கிறது. ஊரணியின் உள்ளேயே சீமைக்கருவேலம் தலைக்கு மேல் வளர்ந்திருக்கிறது.

உங்கள் வீட்டுச் சுவரின் ஈரமும் எங்கள் ஊரணியின் வறட்சியும் ஒரே அடைப்பின் இரண்டு பக்கங்கள். அங்கே வேண்டாத தண்ணீர் நிற்கிறது, இங்கே வேண்டிய தண்ணீர் வரவில்லை.

சாலை மட்டத்தைப் பற்றி நான் உரிய அலுவலகத்துக்கு நான்கு முறை மனு கொடுத்துவிட்டேன். முதல் மூன்றுக்குப் பதில் இல்லை. நான்காவதற்கு, பாதிக்கப்பட்ட வீட்டின் உரிமையாளர் மனு கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்தது. வீட்டு உரிமையாளர் நான் அல்லன், நீங்கள். ஊரில் இருக்கும் எனக்கு உரிமை இல்லை, உரிமை இருக்கும் நீங்கள் ஊரில் இல்லை. இந்த மடலைப் பொதுவில் எழுதுவதற்கு முதல் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம், உங்களிடமே இருக்கும் ஒரு நல்ல வழக்கத்தை உங்களுக்கு நினைவூட்ட விரும்புவது. உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும், இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற ஒன்பது கோயில்களில் உங்களுக்குரிய கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் திருமணம் நிறைவு பெறுகிறது. மணமான ஒவ்வோர் இணையும் அங்கே ஒரு புள்ளியாகப் பதிவாகிறது; புள்ளிக்கு இவ்வளவு என்று வரி வைத்து, அதைக் கொண்டு கோயிலுக்குத் திருப்பணியும் குடமுழுக்கும் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகின்றன. வசதி உள்ளவர் கூடுதலாகக் கொடுக்கலாம். ஆனால் வசதி குறைந்தவரின் புள்ளியும் புள்ளியே. கடல் கடந்து போனவர் கணக்கிலிருந்து விடுபடுவதில்லை. நாற்பது பங்காளிகள் சேர்ந்து ஒரு பொதுப் பொருளை எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. கோயிலுக்கு இந்த வழியைக் கண்டுபிடித்த சமூகம், வீட்டுக் கூரையை மட்டும் ஏன் யார் பொறுப்பிலும் இல்லாமல் விட்டுவிட்டது என்பதே பல ஆண்டுகளாக என் மனத்தை அரிக்கும் கேள்வி.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு பெரிய வீட்டுக்கும் அதன் பங்காளிகள் ஒரு புள்ளிக் கணக்குத் தொடங்குங்கள். பெரிய தொகை வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை ஓடு மாற்றவும், தூம்புகளைச் சுத்தம் செய்யவும், மூடுகால்வாயைத் தூர் எடுக்கவும் ஆகும் செலவை நாற்பதால் வகுத்தால், ஒரு குடும்பம் ஒரு நாள் ஓட்டலில் சாப்பிடும் செலவுக்கு மேல் வராது என்பதைப் பழைய நோட்டுகளை வைத்து இன்றைய கூலிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆண்டுதோறும் ஓடு மாற்றிய வீட்டில் கைமரம் அழுகாது. கைமரம் அழுகாத வீட்டில் சுவர் சாயாது. இருபது ஆண்டுகள் கூரையைப் பாராமல் விட்டுவிட்டு, மொத்தமாகப் பழுது பார்க்கக் கணக்குக் கேட்டால்தான் யாராலும் தாங்க முடியாத தொகை வரும். முன்னோருக்கான படைப்புக்காகவோ கல்யாணத்துக்காகவோ அறுபது, எண்பது வயதுச் சாந்திக்காகவோ பங்காளிகள் எல்லோரும் வளவில் கூடும் நாளில், இலை போடுவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கினால் இந்தக் கணக்கைத் தொடங்கிவிடலாம்.

எல்லா வீடுகளையும் காப்பாற்றிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. கானாடுகாத்தானிலும் கொத்தமங்கலத்திலும் கடியாபட்டியிலும் சில வீடுகள் விடுதிகளாக மாறி நல்ல நிலையில் இருக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு வீடும் விடுதியாக முடியாது, ஆவதும் விரும்பத்தக்கதன்று. திரைப்படக்காரர்கள் பத்து நாள் வாடகைக்கு எடுப்பதால் கூரை நிற்காது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்திய அரசு சேர்த்தபோது, இனி எல்லாம் மாறிவிடும் என்று நான் பலரிடம் சொல்லி மகிழ்ந்தேன். அந்தப் பட்டியல் ஒரு மதிப்பு. அது ஒரு வீட்டின் ஓட்டைக்கூட மாற்றிவைக்காது. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. புறவழிச் சாலையும் புதிய மனைப் பிரிவுகளும் நம் ஊர் எல்லை வரை வந்துவிட்டன. பெரிய வீடு நிற்கும் மனையின் விலை அந்த வீட்டின் விலையைத் தாண்டிவிட்டது. விற்கும் நெருக்கடி வருங்காலத்தில் கூடுமே தவிரக் குறையாது.

விற்றே தீர வேண்டிய நிலை வந்தால், தயவுசெய்து வீட்டை வீடாக விற்றுவிடுங்கள்; மரமாகவும் கதவாகவும் கல்லாகவும் விற்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகும்போதெல்லாம் எனக்குத் தெரிந்த வீடுகளின் துண்டுகளைப் பார்க்கிறேன்: ஒரு கடையில் நிலையின் மேற்கட்டை, இன்னொன்றில் அதே வீட்டின் பீங்கான் சாடிகள், பக்கத்தில் கல்யாணச் சீராக வந்த எனாமல் தூக்குகள். அந்தக் கடைக்காரர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் வாங்கி வைத்திராவிட்டால் பல பொருள்கள் அடுப்புக்கும் உலைக்கும் போயிருக்கும். ஆனால் தூணைப் பிடுங்கி விற்ற நாளோடு அந்தக் கூரைச் சரிவு இல்லாமல் போகிறது. அந்த வீட்டின் தண்ணீர் ஊரணிக்கு இல்லாமல் போகிறது. அண்டை வீட்டின் பொதுச் சுவர் திறந்த வெளியில் மழையில் நனைகிறது. ஒரு வீட்டைப் பிரித்தால் மூன்று வீடுகள் பலவீனமாகின்றன. மூன்றாம் தெருவில் மாசி மாதம் பிரித்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் இப்போதே தார்ப்பாய் கட்டிவிட்டார்கள்.

பெட்டகங்களில் இருக்கும் தாள்களைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். பர்மாக் கடைகளின் பேரேடுகள், திருமணப் பதிவான இசைகுடிமான ஓலைகள், மொய் ஏடுகள், வீடு கட்டியபோது ஆசாரிக்கும் கொத்தனுக்கும் கொடுத்த கூலிக் கணக்குகள் ஆகியவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நம் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும் அவர் 1992-இல் மறைந்தபின் சிதறாமல் ஒன்றாகவே சென்னைக்குப் போய், இன்று அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக நிற்கின்றன. ஒருவர் ‘இதைப் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும்’ என்று நினைத்ததனால் வந்த பயன் அது. கூலிக் கணக்கில் என் தாத்தாவின் பெயர் இருக்கக்கூடும் என்ற சொந்த ஆசையும் எனக்கு உண்டு என்பதை மறைக்கவில்லை.

இனி என் பங்குக்கு நான் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அப்பா கைமரத்தில் எழுதியது போகத் தனியாக நோட்டுகளும் வைத்திருந்தார். 1958 முதல் 1991 வரை, அவர் ஏறிய ஒவ்வொரு வீட்டின் ஓட்டுக் கணக்கும், தூம்புகள் எத்தனை, எந்த மூலையில் ஒழுகும், மூடுகால்வாய் எந்தக் கட்டின் அடியில் போய் எந்தத் தெருவில் திறக்கிறது என்ற படமும் அவற்றில் இருக்கின்றன. நாற்பத்தொரு வீடுகள். அவற்றில் இருபத்தாறு வீடுகள் இன்று நிற்கின்றன. அந்த இருபத்தாறுக்கும் தனித்தனியாகப் படியெடுத்து உறையில் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு விலாசத்தைச் சொன்னால் உரிய உறையைக் கொடுத்துவிடுவேன். அதற்கு எந்தக் கட்டணமும் இல்லை. சாலை மட்டம் குறித்த மனுவையும் எழுதி வைத்திருக்கிறேன். பங்காளிகளில் யாராவது ஒருவர் கையெழுத்திட்டால் போதும். அலுவலகத்துக்கு நடப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஓடு மாற்றத் தெரிந்த இருவரிடமும் பேசிவிட்டேன். கூடவே ஏறிப் பழக விரும்பும் இளைஞர்கள் நான்கு பேர் கிடைத்தால் கற்றுக்கொடுக்கச் சம்மதம் என்கிறார்கள். மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள், அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. அவர்கள் கற்றுக்கொள்வதற்கு ஒரு கூரை வேண்டும். எந்த வீட்டின் பங்காளிகள் முதலில் கணக்குத் தொடங்குகிறார்களோ அந்த வீட்டிலிருந்து ஆடி பதினெட்டுக்கு மறுநாள் வேலையைத் தொடங்கலாம் என்று தீர்மானித்திருக்கிறோம். அன்று நீங்கள் யாராவது ஊருக்கு வர முடிந்தால், பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முற்றத்திலிருந்து ஊரணி மடை வரை தண்ணீர் போன வழியை நடந்தே காட்டுகிறேன். அப்பாவின் ஏணி இன்னும் என் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் இருக்கிறது. இரண்டு படிகளை மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
ஓடு மாற்றிய கொத்தனாரின் மகன்